ஒலிநாடா வளர்த்த ஆசிரியை

லண்டனிலும் பாஸ்டனிலும் பல மழலையர் வகுப்புகளில் இன்று அன்றாட வழக்கமாகிவிட்ட செயல் ஒன்று உண்டு. ஒரு குழந்தை ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறது. ஆசிரியர் அதைத் திருத்துவதில்லை. குழந்தை சொல்வதைச் சொன்னபடியே, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஒரு தாளில் எழுதுகிறார். ஒரு பக்கத்துக்குமேல் போவதில்லை. அன்றைக்கே வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் மேடை. ஆசிரியர் கதையை வாசிக்க வாசிக்க, பிள்ளைகள் எழுந்து வந்து அரசனாகவும் நாய்க்குட்டியாகவும் மழையாகவும் நடிக்கிறார்கள். கதை சொன்ன குழந்தை தன் சொற்கள் கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கிறது.

இதற்குத் தனிப் பாடநூல் தேவையில்லை, துணைக்கருவி தேவையில்லை, செலவும் கிடையாது. பேச்சை வரிசைப்படுத்துவது, சொன்னது எழுத்தாவதைக் காண்பது, பிறர் கதைக்குக் காது கொடுப்பது, தன் முறைக்காகக் காத்திருப்பது என்று மொழிக்கல்வியின் அடிப்படைகள் பலவும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் நடந்துவிடுகின்றன. இதை உருவாக்கியவர் சிகாகோவைச் சேர்ந்த மழலையர் பள்ளி ஆசிரியை விவியன் கஸ்ஸின் பேலி.

இந்த முறை எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் திட்டமிட்டு வடிவமைக்கப்பட்டதல்ல. தன் வகுப்பைத் தானே ஒலிப்பதிவு செய்து, அதைத் தன் கையாலேயே எழுதி, எழுதியதை யோசித்துப் பார்க்கும் ஓர் ஆசிரியையின் பழக்கத்திலிருந்து அது முளைத்தது. ஆகவே, பழக்கம் பிறந்த கதையைச் சொன்னால்தான் முறை பிறந்த கதை விளங்கும்.

நூலகத்தில் கற்றதும் வகுப்பில் மறந்ததும்

பேலி 1929-இல் சிகாகோவில் பிறந்தார். அங்கேயே பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு நியூ ஆர்லியன்ஸ் நகரில் துலேன் பல்கலைக்கழகத்தின் நியூகோம் கல்லூரியில் உளவியல் படித்தார். அந்த ஊரின் பொது நூலகத்தில் கூடிய ஒரு வாசகர் வட்டத்தை இளவயதிலேயே வழிநடத்தினார். பல தொழில் செய்பவர்கள் அங்கே வந்து பெரும் நூல்களைப் படித்துவிட்டுப் பேசுவார்கள். வழிநடத்துபவர் பாடம் நடத்தக் கூடாது. நூலில் இருப்பதை வந்தவர்களின் வாழ்க்கையோடும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடும் இணைத்துவிடுவதே அவருடைய வேலை. முன்கூட்டியே விடை தெரிந்த கேள்விக்கு அந்த வட்டத்தில் இடமில்லை.

அதன்பின் அவர் மழலையர் ஆசிரியையானார். நியூ ஆர்லியன்ஸ், நியூயார்க் பக்கத்திலுள்ள கிரேட் நெக் ஆகிய ஊர்களில் பணியாற்றிவிட்டு 1971-இல் சிகாகோவுக்குத் திரும்பினார். சேர்ந்த இடம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளி. 1896-இல் ஜான் டூயி தொடங்கிய பள்ளி அது. மனிதர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதைப் பற்றி 1910-இல் டூயி எழுதிய புத்தகத்திலிருந்துதான், அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து ஆராயும் சிந்தனை என்ற கருத்து ஆசிரியர் பயிற்சிக்குள் வந்து சேர்ந்தது.

ஆனால் கருத்து ஒரு பள்ளியின் அடித்தளத்தில் இருப்பதாலேயே அங்கு பணிபுரியும் எல்லாருடைய கைக்கும் அது வந்துவிடுவதில்லை. வகுப்புக்குள் நுழைந்ததும் நூலகத்தில் கற்ற கலை தன்னைவிட்டுப் போய்விட்டதாகப் பேலியே பின்னர் எழுதினார். பாடத்திட்டக் கையேடு இருந்தது, நேரம் ஓடிக்கொண்டிருந்தது, சொல்லித்தர வேண்டியவை வரிசையாக நின்றன. சரியான விடை வந்துவிட்டால் தான் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்ற உறுதி அவருக்கு வந்துவிடும். அந்த உறுதி இருக்கும்வரை, விடை சொன்ன ஒரு பிள்ளைக்குப் பின்னால் வாய் திறந்து மூடிக்கொண்ட நான்கு பிள்ளைகள் யார் என்று தேடத் தோன்றாது.

எந்த ஊர் வகுப்பறைக்கும் இது பொருந்தும். ஆசிரியர் கேட்கிறார், முன் வரிசையில் ஒரு கை உயர்கிறது, சரியான விடை வருகிறது, "சபாஷ், உட்காரு" என்று பாடம் நகர்கிறது. ஆசிரியரின் நினைவில் அந்த வகுப்பு நன்றாகவே நடந்திருக்கும். நினைவு பொய் சொல்வதில்லை. தான் கேட்டதை மட்டும்தான் அது சொல்லும்.

காகிதப் பையோடு வந்தவர்

பேலியின் பழக்கத்தை அசைத்தவர் அதே பள்ளியின் மேல்வகுப்பு அறிவியல் ஆசிரியர் ஒருவர். அவருடைய முதல் பேரக்குழந்தை மழலையர் பள்ளியில் சேரவிருந்தது. அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், பேலியின் வகுப்புக்குள் வரலாமா என்று கேட்டார். வாரம் ஒருமுறை காகிதப் பை நிறையப் பொருட்களோடு வந்தார்.

பொருட்களைவிட அவர் கேட்ட விதம்தான் பேலியைக் கவர்ந்தது. ஐந்து வயதுப் பிள்ளைகள் என்ன விடை சொல்வார்கள் என்று அவருக்கு உண்மையாகவே தெரியாது. அதனால் அவருடைய ஒவ்வொரு கேள்வியும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்வியாகவே இருந்தது. ஒரு பிள்ளை சொன்னதை நினைவில் வைத்து இன்னொரு பிள்ளை சொன்னதோடு கோத்துவிடுவார். விடை வர நேரமானால் காத்திருப்பார். வராவிட்டால் தானே சொல்லி நிரப்ப மாட்டார். பேலி நடத்தும்போது வாய் திறக்காத பிள்ளைகள் அவரிடம் பேசினார்கள். நூலக வட்டத்தில் தான் கற்ற அதே கலையை, தன் வகுப்பிலேயே இன்னொருவர் செய்வதைப் பேலி பார்த்தார்.

தானும் அப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆனால் விரும்புவது வேறு, செய்வது வேறு. பல ஆண்டுப் பழக்கம் நாக்கில் ஊறியிருக்கும். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கும்போது, யாரிடம் எந்தத் தொனியில் பேசினோம், எந்தப் பேச்சைப் பாதியில் வெட்டினோம் என்று அந்தக் கணத்திலேயே கவனிக்க ஒருவராலும் முடியாது. கவனிப்பதற்கு இன்னொரு காது வேண்டும். அந்தக் காதாக வகுப்புக்குள் வந்தது ஒரு டேப் ரெக்கார்டர்.

நாடா திரும்பிய திசை

கேசட் நாடா அப்போது உலகத்துக்குப் புதிது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரிலிருந்த ஃபிலிப்ஸ் ஆலையில் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு அதை உருவாக்கி, 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளியிட்டது. அதற்கு முன் ஒலிப்பதிவு என்றால் பெரிய வட்டுகளில் சுற்றிய நாடாவைக் கையால் கோத்து மாட்ட வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை அது. 4 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள நாடாவை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடக்கியதும், பொத்தானை அழுத்தத் தெரிந்த எவரும் ஒலிப்பதிவாளர் ஆகிவிட்டார்கள். ஓர் ஆசிரியை யார் உதவியும் இல்லாமல் தன் வகுப்பைத் தானே பதிவு செய்ய முடிந்தது இந்த எளிமையால்தான்.

அதே 1963-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பயிற்சி முறையைத் தொடங்கினார்கள். நம் ஊரில் பி.எட். படித்த எவருக்கும் அது தெரியும். சில நிமிடப் பாடம், ஒரே ஒரு திறன், உற்றுநோக்குவோர் கையில் மதிப்பீட்டுத் தாள், பிறகு அதே பாடத்தை மறுபடி நடத்துவது. ஸ்டான்ஃபோர்டில் வீடியோ கேமராவும் அதோடு சேர்ந்தது. பயிற்சி ஆசிரியர் தான் பாடம் நடத்தியதைத் தானே திரையில் பார்த்துத் திருத்திக்கொண்டார்.

அந்தக் கேமரா ஆசிரியரைப் பார்த்தது. கரும்பலகையை எப்படிப் பயன்படுத்தினார், வினாக்களை எப்படித் தொடுத்தார், குரலில் ஏற்ற இறக்கம் இருந்ததா என்று கவனித்தது. பயிற்சி பெறுபவருக்கு அது மிகவும் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. பேலியின் டேப் ரெக்கார்டர் பிள்ளைகளின் பக்கம் திரும்பியிருந்தது. அவர்கள் என்ன சொன்னார்கள், எதைச் சொல்ல வந்து விட்டுவிட்டார்கள், ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் அதில் பதிந்தது. ஒரே வகைக் கருவி இருவேறு கேள்விகளுக்குப் பயன்பட்டது. பேலி கேட்ட கேள்வி, ‘இந்தக் குழந்தை எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறது?’ என்பது.

நாடாவைக் கேட்டபோது பேலிக்குக் கிடைத்தவை இரண்டு. வகுப்பில் தன் காதில் விழாத முணுமுணுப்புகளும், பாதியில் நின்றுபோன வாக்கியங்களும், எதைச் சொல்கிறோம் என்று விளக்க வழியில்லாமல் தவித்த குரல்களும் அதில் இருந்தன. அவற்றோடு அவருடைய சொந்தக் குரலும் இருந்தது. பிள்ளைகள் கவனத்துக்காகவும் நியாயத்துக்காகவும் போராடும்போது தன் குரலில் ஏறும் பொறுமையின்மையை அவர் தெளிவாகக் கேட்டார். அதை மறைக்காமல் 1986-இல் ஹார்வர்டு கல்வி இதழில் வெளிவந்த கட்டுரையில் எழுதினார். குழந்தைகள் சொல்வதற்குக் காது கொடுப்பது பற்றிய அந்தக் கட்டுரை ஆசிரியர் கல்வியில் இன்றும் வாசிக்கப்படுகிறது.

எழுதும்போது நடந்தது

பதிவு செய்வதோடு நின்றிருந்தால் நாடாக்கள் பெட்டியில் தூங்கியிருக்கும். பேலி அவற்றைத் தன் கையாலேயே எழுதினார். ஒலிப்பதிவை எழுத்தாக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் பாடு தெரியும். ஒரு வாக்கியம் ஓடவிட வேண்டும், நிறுத்த வேண்டும், எழுத வேண்டும், சந்தேகமிருந்தால் பின்னால் சுற்றி மறுபடி கேட்க வேண்டும். பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசியிருந்தால் ஒவ்வொரு குரலுக்காகவும் தனித்தனியே சுற்ற வேண்டும். அரை மணி நேரப் பேச்சு இரண்டு மூன்று மணி நேரத்தைத் தின்றுவிடும்.

அந்தத் தாமதம்தான் ஆசிரியரை வளர்த்தது. வகுப்பில் ஒரு நொடியில் கடந்துபோன சொல்லை எழுதும்போது கை நிற்கிறது. இந்தப் பிள்ளை ஏன் இதைச் சொன்னது? நாம் ஏன் அப்படிப் பதில் சொன்னோம்? அடுத்து பேசிய பிள்ளை உண்மையில் யாருக்குப் பதில் சொன்னது? இந்தக் கேள்விகள் தாளின் ஓரத்தில் ஏறுகின்றன. மறுநாள் காலையில் ஆசிரியர் அவற்றோடு வகுப்புக்குப் போகிறார். நேற்று நீ இப்படிச் சொன்னாயே, அதைப் பற்றி இன்னும் சொல் என்று கேட்கிறார். தான் நேற்று சொன்னது இன்றைக்கும் டீச்சருக்கு நினைவிருக்கிறது என்பதே அந்தக் குழந்தைக்குப் பெரிய செய்தி. அது மேலும் பேசுகிறது. அதுவும் நாடாவில் ஏறுகிறது. பதிவு, எழுத்து, கேள்வி, மறுபடியும் வகுப்பு என்று இந்தச் சுற்று பேலியின் வாழ்நாள் பழக்கமானது.

ஹார்வர்டு இதழில் வந்த கட்டுரையில் அவர் தரும் எடுத்துக்காட்டு ஒன்று போதும். ஃபிரெடெரிக் என்ற சிறுவன் தன் அம்மாவுக்கு இனிமேல் பிறந்தநாளே கிடையாது என்று வகுப்பில் அறிவிக்கிறான். எல்லாருக்கும் பிறந்தநாள் உண்டப்பா என்று ஒரு வரியில் திருத்திவிட்டு நகர்வது எளிது. தகவல் சரியாகிவிடும், பாடமும் நடந்ததாகக் கணக்கில் ஏறும். பேலி திருத்தவில்லை. நீ என்ன சொல்ல வருகிறாய் என்று கேட்டார். மற்ற பிள்ளைகளையும் பேச்சுக்குள் இழுத்தார். பிறந்தநாள் என்பதை அந்த வயது எப்படிப் புரிந்துகொள்கிறது, அம்மா என்பவரை அது எங்கே வைத்திருக்கிறது என்ற சிந்தனை முழுவதும் அந்தப் பேச்சில் வெளியே வந்தது. பிள்ளையின் தவறான விடைக்குள் ஒரு முழுமையான தர்க்கம் இருக்கிறது. அதைக் கேட்க நிதானம் வேண்டும், அவ்வளவுதான்.

எழுதிய தாள்கள் சேரச் சேர, வேறொன்றும் தெரிந்தது. பேச்சு மூன்று விஷயங்களைத் தொடும்போதெல்லாம் வகுப்பு சூடுபிடித்தது. கற்பனை, நியாயம், நட்பு. வண்ணங்கள், வடிவங்கள், பருவகாலங்கள் என்று கையேடு சொன்ன தலைப்புகளில் தயங்கிய பிள்ளைகள், ஓநாய் ஏமாற்றியது சரியா, அவன் ஏன் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற பேச்சு வந்ததும் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடினார்கள். எதைப் பற்றிப் பேசினால் குழந்தை தன் முழு அறிவையும் செலவழிக்கிறது என்பதை நாடாக்கள் பேலிக்குக் காட்டிக்கொடுத்தன.

வாலியின் டைனோசர்

இந்தப் பின்னணியில்தான் கதையை நடிக்கும் முறை பிறந்தது. 1981-இல் வெளிவந்த ‘வாலீஸ் ஸ்டோரீஸ்’ நூலின் தொடக்கப் பகுதியில் பேலி அதை விவரிக்கிறார். வாலி அவருடைய மழலையர் வகுப்பில் படித்த துறுதுறுப்பான சிறுவன். ஒருநாள் பேலி அவனை ஒரு கதை எழுதலாமா என்று கேட்டார். வாலிக்கு வியப்பு. தனக்கு இன்னும் எழுதச் சொல்லித்தரவே இல்லையே என்றான். நீ சொல், நான் எழுதுகிறேன் என்றார் பேலி. எதைப் பற்றிச் சொல்வது என்று கேட்டான். உனக்குத்தான் டைனோசர் பிடிக்குமே என்று அவர் அடியெடுத்துக் கொடுத்தார்.

வாலி சொன்ன கதை மிகச் சிறியது. ஒரு டைனோசர் ஊரை இடித்துத் தள்ளுகிறது. மக்கள் கோபப்பட்டு அதைச் சிறையில் போடுகிறார்கள். அவ்வளவோடு நிறுத்திவிட்டான். அது வெளியே வந்ததா என்று பேலி கேட்டார். இனி நல்லபடியாக நடந்துகொள்கிறேன் என்று டைனோசர் வாக்குக் கொடுத்ததால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே அதன் அம்மா காத்திருந்தாள் என்று வாலி முடித்தான்.

அன்றைக்கு வாலி செய்த குறும்புக்காக இரண்டு முறை தனி நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தான். அவனுடைய வாட்டம் பேலியின் மனத்தை விட்டு அகலவில்லை. அவனுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அந்த ஒரே காரணத்துக்காக, அவன் சொன்ன கதையை அப்போதே வகுப்பில் நடிக்கவைத்தார். வாலி மகிழ்ந்துபோனான். அதோடு முடியவில்லை. மற்ற பிள்ளைகளும் கதை சொல்ல வரிசையில் வந்து நின்றார்கள். அந்த ஆண்டு முழுவதும் கதைகள் பெருகிக்கொண்டே போயின.

கதை சொல்லச் சொல்லி எழுதிக்கொள்வது அவருடைய வகுப்புக்குப் புதிதல்ல. தேவதைக் கதைகளையும் பாட்டுகளையும் பிள்ளைகள் நடித்துப் பழகியிருந்தார்கள். ஆனால் அவர்கள் தாமே சொன்ன கதைகளை ஒருபோதும் நடித்ததில்லை. எழுதி வைத்தாலே போதும் என்றுதான் பேலி எண்ணியிருந்தார். போதாது என்பது வாலியின் டைனோசரால் தெரிந்தது. குழந்தையின் கதையில் பாதி சொல், பாதி செயல். செயலைத் தோழர்களோடு பகிர்ந்தால்தான் கதை முழுமையடைகிறது. அதுவரை கதை சொல்ல அக்கறை காட்டாத ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுக்கு இணையாகக் கதை சொல்லத் தொடங்கினார்கள். விளையாட்டு நேரத்தையே விட்டுக்கொடுத்து வந்தார்கள். அவர்களுக்கு இதுவும் விளையாட்டுத்தான்.

ஒரு முறையின் பிறப்பு இவ்வளவு எளிதா என்று கேட்கலாம். இரக்கப்பட்டு ஒரு பிள்ளைக்கு நல்லது செய்யும் ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அப்படிப்பட்ட நல்ல பிற்பகல்கள் மறுநாளே மறந்துபோகின்றன. பேலியிடம் எழுதும் பழக்கம் இருந்தது. அந்தப் பிற்பகலில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அவர் எழுதிப் பார்த்தார். அதனால்தான் தற்செயல் ஒரு முறையானது, முறை மற்ற ஆசிரியர்கள் எடுத்துச் செய்யக்கூடிய அறிவானது.

எழுத்து அவரிடம் கேட்ட விலை

எழுதுவது வகுப்பை மட்டும் மாற்றவில்லை, எழுதியவரையும் மாற்றியது. 1979-இல் வந்த ‘ஒயிட் டீச்சர்’ என்ற முதல் நூலிலேயே அது தெரிகிறது. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்பில் நிறத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் நாகரிகம் என்று பேலி போன்ற ஆசிரியர்கள் நினைத்திருந்தார்கள். ஒரு கறுப்பினத் தாய் அதை மறுத்தார். தன் பிள்ளைகள் கறுப்பர்கள் என்பது அவர்களுக்கே தெரியும், அது நல்ல வேறுபாடு, அதை ஆசிரியர்கள் பார்க்கவும் மதிக்கவும் வேண்டும் என்றார். தன் மௌனத்தில் என்ன ஒளிந்திருந்தது என்று பேலி நூல் முழுக்க ஆராய்ந்தார்.

1984-இல் வந்த ‘பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்’ நூலில் இன்னொரு சாய்வு வெளிப்பட்டது. பொம்மை மூலையில் அமைதியாக விளையாடும் பெண் பிள்ளைகளைவிட, ஓடிப் பாய்ந்து சூப்பர்ஹீரோ விளையாடும் ஆண் பிள்ளைகளைத் தான் அடிக்கடி தடுப்பதை அவர் கண்டார். விளையாட்டு நேரத்தைக் கூட்டிப் பார்த்தார். ஓடித் தீர்த்த பிள்ளைகள் தாமாகவே மேசை வேலைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

1992-இல் வந்த நூலின் தலைப்பே அவர் வகுப்பில் கொண்டுவந்த ஒரு சட்டம். ‘விளையாட்டுக்கு வராதே என்று யாரையும் சொல்லக் கூடாது.’ ஒதுக்கப்படும் பிள்ளைகளின் பேச்சை ஆண்டுக்கணக்கில் எழுதிவந்த பிறகுதான் அந்தச் சட்டத்துக்கு வந்தார். சட்டத்தை அறிவிப்பதற்கு முன் மேல்வகுப்பு மாணவர்களிடம் போய் இது நியாயமா, நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கலந்து பேசினார்.

அமெரிக்காவில் டொனால்ட் ஷோன், தொழில் செய்பவர் தன் செயலையே ஆராய்ந்து வளர்வது பற்றிய புகழ்பெற்ற நூலை 1983-இல் வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தச் சிந்தனை ஆசிரியர் கல்லூரிகள் எங்கும் பரவியது. அதற்கு முன்பே பேலியின் இரண்டு நூல்கள் வந்துவிட்டன. கோட்பாடு வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. 1989-இல் அவருக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. அறிவியலாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் வழங்கப்படும் அந்தப் பெருமை, தினமும் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்த ஆசிரியையைத் தேடி வந்தது.

பாடத்துக்கு முன்னும் பின்னும்

வகுப்பறையை எழுதும் மரபு இந்தியாவுக்குப் புதிதல்ல. குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா, ‘திவாஸ்வப்னா’வில் லட்சுமிராம் என்ற ஆசிரியர் ஓராண்டு நடத்தும் சோதனையைக் கதையாக எழுதினார். ‘பகல் கனவு’ என்று தமிழில் வந்த அந்த நூலைப் படித்துவிட்டுப் பாடம் நடத்தும் விதத்தை மாற்றிக்கொண்ட ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு.

நம் ஆசிரியர்கள் எழுதாதவர்களும் அல்லர். பாடக்குறிப்பேடு எழுதுகிறார்கள், பணிப் பதிவேடு எழுதுகிறார்கள், இப்போது செயலிகளிலும் ஏற்றுகிறார்கள். ஆனால் பாடக்குறிப்பு பாடத்துக்கு முன் எழுதப்படுவது. கற்றல் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று நடக்க வேண்டியதைச் சொல்வது. பதிவேடுகள் மேலே இருப்பவருக்குக் காட்டுவதற்காக எழுதப்படுபவை. நடந்து முடிந்த பிறகு, தனக்காக மட்டும் எழுதும் பக்கம் அவற்றில் எதிலும் இல்லை. பேலி வளர்ந்தது அந்தப் பக்கத்தில்தான்.

கருவிக்கு இன்று பஞ்சமில்லை. ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் இருக்கும் ஃபோன், கேசட்டைவிடத் தெளிவாகப் பதிவு செய்யும். தமிழ்ப் பேச்சைத் தானே எழுத்தாக்கித் தரும் வசதியும் வந்துவிட்டது. அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பேலிக்குப் பயன்பட்டது மிச்சமான நேரமல்ல, எழுதிச் செலவழித்த நேரம். இயந்திரம் எழுதிக் கொடுத்தாலும், ஐந்தே நிமிடப் பகுதியையாவது ஆசிரியர் தானே காதில் கேட்டுக் கையால் எழுத வேண்டும். பிள்ளைகளின் குரல் குழுக்களில் பகிர்வதற்கான பொருளல்ல என்பதும் முக்கியம். கேட்டு எழுதியதும் அழித்துவிடலாம்.

தொடங்க விரும்புபவர் வாரத்துக்கு ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் பதிவு செய்தால் போதும். கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். நான் எவ்வளவு பேசினேன், பிள்ளைகள் எவ்வளவு பேசினார்கள்? நான் கேட்ட கேள்விகளில் எனக்கு விடை தெரியாதவை எத்தனை? எந்தப் பிள்ளையின் பேச்சை முதன்முறையாக இப்போதுதான் கேட்கிறேன்? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பெயரோடு மறுநாள் வகுப்புக்குப் போக வேண்டும்.

பரவிய விதை

பேலியின் கதை முறை அவரோடு நிற்கவில்லை. தன்னை ஹெலிகாப்டராகவே கருதி, இறக்கைகளைச் சுழலவிட்டுக்கொண்டு யாரோடும் ஒட்டாமல் இருந்த ஜேசன் என்ற சிறுவனைப் பற்றி 1990-இல் அவர் ஒரு நூல் எழுதினார். கதைகளை நடிப்பதன் வழியே ஜேசன் மெல்ல மெல்ல மற்ற பிள்ளைகளின் உலகத்துக்குள் இறங்கி வந்தான். அந்த நூலின் நினைவாக, டிரிஷா லீ இங்கிலாந்தில் இந்த முறையை ‘ஹெலிகாப்டர் ஸ்டோரீஸ்’ என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றார். பாஸ்டன் பொதுப் பள்ளிகள் தங்கள் மழலையர் வகுப்புகளில் இதைச் சேர்த்துக்கொண்டன. வளர்ச்சி உளவியலாளர் அகெலிகி நிகலோபுலு, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் மழலையர் வகுப்புகளில் இதை ஆராய்ந்து, கதை புரிதலுக்கும் எழுத்தறிவின் தொடக்கத் திறன்களுக்கும் இது உதவுகிறது என்று காட்டினார்.

பேலி 1995-இல் ஓய்வு பெற்றார். 2019-இல் 90 வயதில் மறைந்தார். ஆசிரியப் பணியின் கடைசி ஆண்டைப் பற்றி அவர் எழுதிய நூலில், ரீனி என்ற சிறுமி லியோ லியோன்னியின் படக்கதைகள்மீது காட்டிய ஈடுபாடு அந்த ஆண்டின் பாடத்திட்டத்தையே மாற்றிவிடுகிறது. ஓய்வு பெறும் தறுவாயிலும் ஒரு குழந்தையின் ஆர்வத்தைப் பின்தொடர்ந்து திட்டத்தை மாற்றிக்கொள்ள அவரால் முடிந்தது. பணிமூப்பு தானாக வரும். இந்த நெகிழ்வு தானாக வராது. பயின்றால்தான் வரும்.

பயில்வதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். கல்வித் துறைகள் பயிற்சிக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்குகின்றன, அது நல்லதே. அதோடு, வகுப்பு முடிந்த பின் எந்தப் படிவமும் நிரப்பாமல், யாருக்கும் கணக்குக் காட்டாமல், அன்றைய வகுப்பைப் பற்றித் தனக்காக எழுதும் அரை மணி நேரத்தை வாரம் ஒருமுறையாவது ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டத்தில், விரும்பும் ஆசிரியர் தாம் எழுதியதிலிருந்து ஒரு பக்கத்தை வாசிக்கலாம். மற்றவர்கள் குறை சொல்லாமல், அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசலாம். பேலியின் முறை ஒரு வகுப்பறையில் பிறந்தது, அவர் எழுதியதால் உலகுக்குக் கிடைத்தது. நம் வகுப்பறைகளிலும் அப்படிப்பட்ட முறைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. எழுதினால் அவை நிலைக்கும்.